மணமகளிடம் கேட்பதே வலீயின் முதல் வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முஸ்லிம் திருமணங்களில் மணமகளின் பொறுப்பாளராக நிற்கும் ‘வலீ’யைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சென்ற வாரம் வெளியான இரண்டு கடிதங்களையும் படித்தேன். பெண்ணுக்குப் பதிலாக அவளுடைய தகப்பனார் ஒப்பந்தத்தைச் சொல்லி முடித்துவிடுவதால் அங்கே பெண்ணுக்கு வாயே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை என்ற நபிமொழியை எடுத்துக்காட்டி, அத்துடன் பேச்சு முடிந்தது என்று மற்றவர் பதில் எழுதியிருந்தார். மண்ணடியில் எங்கள் மஹல்லாவின் (பள்ளிவாசலைச் சார்ந்த பகுதியின்) நிக்காஹ் தப்தரை, அதாவது திருமணப் பதிவேட்டை, 22 ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையிலும், என் மகளுக்கும், காலமான என் அண்ணனின் மகளுக்கும் வலீயாக அமர்ந்தவன் என்ற முறையிலும், இருவருமே தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சபையில் மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பதற்கு முன்னால் மணமகளிடம் போய்க் கேட்க வேண்டியவர் வலீ. அந்தக் கேள்வி ஒழுங்காகக் கேட்கப்படாத இடத்தில்தான் எங்கள் சமுதாயத்தில் கோளாறு தொடங்குகிறது.

பிற சமய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நிக்காஹ் என்பது ஓர் ஒப்பந்தம். மாப்பிள்ளை மணமகளுக்குக் கொடுக்கும் மணக்கொடைக்கு மஹர் என்று பெயர். “என் மகளை இவ்வளவு மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்” என்று தகப்பனார் சொல்ல, “அந்த மஹருக்கு இந்த நிக்காஹை ஒப்புக்கொண்டேன்” என்று மாப்பிள்ளை சொல்வார். இந்த இரண்டு சொல்லும் ஒரே அமர்வில், இரண்டு சாட்சிகளின் காதில் விழும்படி சொல்லப்பட வேண்டும். குத்பா எனும் உரையும் துஆ எனும் பிரார்த்தனையும் விருந்தும் அதைச் சுற்றி வருபவை. மணமகள் பெரும்பாலும் அந்தச் சபையில் இருப்பதில்லை. மாடியில் பெண்கள் பகுதியில் இருப்பாள். ஆகவே, கீழே உட்கார்ந்து பார்க்கும் விருந்தினருக்கு இரண்டு ஆண்கள் தமக்குள் பேசி முடித்ததாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அவர் பார்க்காத பகுதி, அதற்குச் சற்று முன் மாடியில் நடந்திருக்க வேண்டிய பகுதி.

மத்ஹபுகள் எனப்படும் மார்க்கச் சட்டப் பிரிவுகளுக்குள் இதில் வேறுபாடு உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து தொழிலுக்காகச் சென்னைக்கு வந்து மண்ணடியிலும் இராயபுரத்திலும் தங்கிவிட்ட எங்களைப் போன்ற மரைக்காயர் குடும்பங்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவை. ராவுத்தர் குடும்பங்களும், திருவல்லிக்கேணி, இராயப்பேட்டைப் பக்கம் வாழும் உருது பேசும் குடும்பங்களும் பெரும்பாலும் ஹனஃபி. ஷாஃபி, மாலிகி, ஹன்பலி ஆகிய மூன்று மத்ஹபுகளிலும் வலீ இல்லாவிட்டால் நிக்காஹ் நிறைவேறாது. ஹனஃபி மத்ஹபில், பருவமடைந்து புத்தி சுவாதீனத்துடன் இருக்கும் பெண் தன் திருமணத்தைத் தானே முடித்துக்கொண்டால் அது செல்லும். மாப்பிள்ளை அவளுக்குப் பொருத்தமில்லாதவராக இருந்தாலோ மஹர் மிகக் குறைவாக இருந்தாலோ வலீ ஆட்சேபிக்கலாம். ஷாஃபி குடும்பத்துப் பெண் ஒருத்தி பருவமடைந்த பிறகு ஹனஃபி மத்ஹபைத் தேர்ந்தெடுத்துத் தகப்பனாரின் சம்மதமின்றி மணம் முடித்ததைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 1864-லேயே ஏற்றுக்கொண்டது. இந்த விவாதம் இன்று நேற்று முளைத்ததில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

யார் வலீ ஆகலாம் என்பதற்கும் வரிசை இருக்கிறது. ஷாஃபி மத்ஹபில் தகப்பனார், தகப்பனாரின் தகப்பனார், உடன்பிறந்த சகோதரர், தகப்பனார் வழிச் சகோதரர், சகோதரரின் மகன், பிறகு தகப்பனாரின் அண்ணன் தம்பிகளான பெரியவாப்பா, சாச்சா, அவர்களுடைய மகன்கள் என்று அந்த வரிசை தந்தை வழியாகவே போகும். தாய்மாமன் இதில் வருவதில்லை. தமிழ்நாட்டில் இது சில வீடுகளில் பெரிய மனவருத்தத்தை உண்டாக்குகிறது. தகப்பனார் விட்டுவிட்டுப் போன பெண்ணைப் பாலூட்டாத குறையாக வளர்த்து, படிக்கவைத்து, நகை சேர்த்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய மாமாவிடம், “நீங்கள் வலீயாக உட்கார முடியாது, பதினைந்து வருடமாக முகம் காட்டாத அவளுடைய சாச்சாவைக் கூப்பிடுங்கள்” என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லிவிட்டு அந்த மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தப்தரைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த சாச்சா மனமுவந்து மாமாவையே தன் வக்கீலாக, அதாவது தன் பிரதிநிதியாக, நியமித்துவிட்டால் மாமாவே கைபிடித்துக் கொடுக்கலாம். இதற்கு மார்க்கத்தில் தடையில்லை. துபாயிலும் தம்மாமிலும் வேலை பார்க்கும் தகப்பனார்கள் இப்படித்தான் இங்கே ஒருவரை நியமிக்கிறார்கள். 2020-ல் விமானங்கள் நின்றுபோன மாதங்களில் கைப்பேசித் திரையில் தகப்பனார் அழுதுகொண்டே “நீங்கள் என் சார்பில் செய்து வையுங்கள்” என்று எங்கள் இமாமிடம் சொன்ன நிக்காஹ்களை நானே எழுதியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். “வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை” என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. அதே தொகுப்புகளில், வலீயின் அனுமதியின்றி ஒரு பெண் செய்துகொள்ளும் மணம் செல்லாது என்று நபியின் மனைவி ஆயிஷா நாயகி அறிவிக்கும் நபிமொழியும் இருக்கிறது. மேடைகளில் அதன் முற்பகுதியைத்தான் கேட்கிறோம். “அவர்கள் தமக்குள் பிணங்கிக்கொண்டால், வலீ இல்லாதவருக்கு ஆட்சியாளரே வலீ” என்பது அதே நபிமொழியின் பிற்பகுதி. வலீ பிணங்கினால் பெண் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. முற்பகுதியைக் கொண்டு கதவை அடைப்பவர்கள், பிற்பகுதியில் இருக்கும் சாவியை ஏன் யாருக்கும் காட்டுவதில்லை?

பெண்ணிடம் கேட்பதைப் பற்றி இதைவிடத் தெளிவான ஆதாரங்கள் உள்ளன. கணவனை இழந்த அல்லது மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்குத் தன் விஷயத்தில் வலீயைவிட அதிக உரிமை உண்டு என்றும், கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும், அவளுடைய மௌனமே அவளுடைய அனுமதி என்றும் ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறது. கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்மணியை அவருடைய தகப்பனார் அவருக்குப் பிடிக்காத இடத்தில் மணம் முடித்துக் கொடுத்தபோது, அவர் நபியிடம் வந்து முறையிட, அந்தத் திருமணத்தை நபி ரத்து செய்தார் என்று புகாரி தொகுப்பில் இருக்கிறது. நபித்தோழர் இப்னு அப்பாஸ் அறிவிக்கும் இன்னொரு சம்பவத்தில், விருப்பமில்லாமல் கட்டிக்கொடுக்கப்பட்ட கன்னிப் பெண்ணுக்கு, இருப்பதா விலகுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை நபி கொடுத்தார்.

ஷாஃபி நூல்களில் கன்னிப் பெண்ணின் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் அவளிடம் கேட்காமலே மணம் முடிக்கும் அதிகாரம் சொல்லப்பட்டிருப்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: தகப்பனாருக்கும் மகளுக்கும் வெளிப்படையான பகை இருக்கக் கூடாது, மாப்பிள்ளை தகுதியானவராகவும் மஹர் கொடுக்க வசதியுள்ளவராகவும் இருக்க வேண்டும். இவ்வளவையும் எழுதிய அதே இமாம்கள், அப்போதும் அவளிடம் கேட்பதே சிறந்தது என்றும் எழுதிவைத்தார்கள். ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்த பெண்ணை யாரும் கட்டாயப்படுத்தவே முடியாது. 1928-ல் நம் சென்னை உயர் நீதிமன்றமும், ஷாஃபி சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், பருவமடைந்த பெண்ணின் சம்மதமில்லாமல் நடத்தப்பட்ட திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. எனவே “எனக்கு அதிகாரம் இருக்கிறது, நான் கேட்க மாட்டேன்” என்று இந்த நகரத்தில் எந்தத் தகப்பனாரும் சொல்ல முடியாது. அண்ணன், சாச்சா போன்ற மற்ற வலீகளுக்கோ அப்படி ஓர் அதிகாரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இருந்தும் எப்படிக் கேட்கிறோம்? இதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் தவறு செய்தவர்களில் நானும் ஒருவன்.

1999-ல் என் அண்ணன் மகளின் நிக்காஹ் இராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அண்ணன் அதற்கு இரண்டு வருடம் முன்பே மவுத்தாகிவிட்டதால் நான் வலீ. இரண்டு சாட்சிகளோடும் தப்தரோடும் மாடிக்குப் போனேன். மணமகளைச் சுற்றி நாற்பது பெண்கள் இருந்தார்கள். பூ முகத்திரைக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கீழே ஒலிபெருக்கியில் பைத்துப் பாடல் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரே மூச்சில் மாப்பிள்ளையின் பெயரையும் மஹர் தொகையையும் சொல்லி, “சம்மதமாம்மா?” என்று கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா, “சம்மதந்தான், சம்மதந்தான், சட்டுன்னு போங்க, சபை காத்திருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தப்தரை அவள் மடியில் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். மருதாணி காயாத விரலால் பேனாவைப் பிடித்துப் போட்டாள். அந்தப் பக்கத்தில் மற்றவர்களின் கையெழுத்துகள் ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தன.

நான்கு வருடம் கழித்து ஒரு நோன்புப் பெருநாளன்று, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: “சாச்சா, அன்னைக்கு நீங்க கேட்டப்போ உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். ஆசிரியர் பயிற்சியில ஒரு வருஷம் பாக்கி இருந்துச்சே, அதை முடிக்க விடுவாங்களான்னு நீங்க அவங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ்வளவு பேருக்கு நடுவுல எப்படிச் சொல்றது?” குறையாகச் சொல்லவில்லை. அவளுடைய கணவர் நல்லவர், நன்றாகத்தான் வாழ்கிறார்கள். ஆனால் அந்தப் பயிற்சியை அவள் முடிக்கவே இல்லை. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்கள் சரியென்று சொல்லியிருப்பார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். கன்னிப் பெண் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா நாயகி கேட்டதற்குப் பதிலாகத்தான் ‘அவளுடைய மௌனமே சம்மதம்’ என்று நபி சொன்னார். வெட்கத்தால் வரும் மௌனத்துக்குக் காட்டப்பட்ட அந்தச் சலுகையை, அவசரத்திலும் கூட்டத்திலும் அடைத்துப்போன வாய்க்கும் நாங்கள் பொருத்திவிட்டோம். அவளுடைய மௌனத்துக்குள் ஒரு கேள்வி இருந்தது. அதைக் காத்திருந்து கேட்க வேண்டிய ஒரே ஆள் நான்.

மஹரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அவளுடைய சொத்து, திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அதைப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்கிறது. அவளைக் கேட்காமல் அதைக் குறைத்துப் பேச வலீக்கு உரிமை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வாங்கும் கைக்கூலியை மணிக்கணக்கில் பேசுகிற வீடுகளில் மஹர் தொகையை மணமகள் முதன்முதலாகக் கேள்விப்படுவது அந்த மாடியில்தான் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது கோளாறு இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. வலீ மறுத்துவிட்டால் என்ன ஆகிறது என்பது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு விதவை, 38 வயது, தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர், மனைவியை இழந்த ஒருவரை மணக்க விரும்பினார். அந்த மனிதர் தொழுகையாளி, சம்பாத்தியம் உள்ளவர், பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் அண்ணன்மார் இருவரும் வலீயாக வர மறுத்தார்கள். காரணம் கேட்டால் “குடும்ப மானம்” என்றார்கள். உம்மாவின் பெயரில் இருந்த வீட்டில், மறுமணம் செய்துகொண்டால் அவள் பங்கு கேட்பாள் என்ற பயம்தான் உண்மையான காரணம் என்று தெருவுக்கே தெரியும். அவர் தன் ஜமாஅத்துக்கு, அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு, மூன்று முறை போனார். மூன்று முறையும் “அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தப்தரைத் திறப்போம்” என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அண்ணன்மாரை ஒரு முறையாவது அழைத்து, “உங்கள் ஆட்சேபணை என்ன, அதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம்?” என்று கேட்டவர் எவரும் இல்லை. பதினொரு மாதம் கழிந்தது. அந்த மனிதர் வேறிடத்தில் மணம் முடித்துக்கொண்டார். அந்தப் பெண் இன்றும் தையல் இயந்திரத்தின் முன்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படித் தடுப்பதற்கு அரபியில் ‘அழ்ல்’ என்று பெயர். திருக்குர்ஆன் இதைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. இரண்டாம் அத்தியாயத்தின் 232-ஆம் வசனம், மணவிலக்கான பெண்கள் முறைப்படி மனம் ஒப்பித் தங்கள் கணவர்களை மணந்துகொள்வதைத் தடுக்காதீர்கள் என்கிறது. அது இறங்கிய பின்னணியும் புகாரியில் இருக்கிறது. மஅகில் இப்னு யஸார் என்ற நபித்தோழர் தன் சகோதரியை ஒருவருக்கு மணம் முடித்துக் கொடுத்தார். அவர் அவளை விலக்கிவிட்டு, இத்தா எனும் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு மீண்டும் கேட்டு வந்தார். சகோதரிக்கும் விருப்பம் இருந்தது. ஆனால் மஅகிலுக்குக் கோபம். முடியவே முடியாது என்று சத்தியம் செய்தார். அப்போதுதான் இந்த வசனம் வந்தது. அவர் தன் கோபத்தை விட்டுவிட்டுச் சகோதரியை மணம் முடித்துக் கொடுத்தார். அந்த அண்ணனின் கோபத்திலாவது ஒரு நியாயம் இருந்தது. தன் தங்கையைக் கைவிட்டவன் மேல் வந்த கோபம் அது. நான் சொன்ன அண்ணன்மாரிடம் வீட்டுப் பத்திரத்தைத் தவிர எதுவும் இல்லை.

நெருங்கிய வலீ காரணமின்றி மறுத்தால் பொறுப்பு இஸ்லாமிய நீதிபதியான காஜியிடம் போகும் என்பது ஷாஃபி நூல்களிலேயே உள்ள சட்டம். மலேசியாவில் இதற்கு நடைமுறையே இருக்கிறது. பெண் ஷரீஆ நீதிமன்றத்தை அணுகினால், வலீயின் மறுப்பில் நியாயமில்லை என்று கண்டறிந்து ‘வலீ ஹாகிம்’ எனும் அதிகாரபூர்வ வலீ மூலம் நிக்காஹ் நடத்தப்படுகிறது. இங்கே நிலைமை சற்றுச் சிக்கலானது. 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் முதலில் சென்னை மாகாணத்துக்காகவே வந்த சட்டம். ஆனால் அது காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை, நிக்காஹுக்கு அவர் வந்துதான் ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆகவே அரசுச் சட்டத்தின் பலத்தில் ஒரு காஜி அண்ணன்மாரை வரவழைக்க முடியாது. ஆனால் மார்க்கத்தின் பலத்தில், ஊரின் மார்க்க அறிஞர்களான ஆலிம்களும் காஜியும் ஜமாஅத்தும் கூடி அந்தப் பொறுப்பை ஏற்க முடியும். இஸ்லாத்தைத் தழுவிய பெண்ணுக்கு, பிற சமயத்தவரான தகப்பனார் வலீயாக முடியாது என்பதால், வழியில் போகிற யாரையோ பிடித்து உட்காரவைக்கிறார்களே, அந்த இடத்திலும் காஜியே பொறுப்பேற்பதுதான் முறை.

மணமகளின் கையெழுத்து தப்தரில் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். இலங்கையின் 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையெழுத்தையே கேட்கவில்லை. அவளுக்காக வலீ ஒப்பமிடுவார். அங்குள்ள முஸ்லிம் பெண்கள் அதை மாற்றுவதற்காகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். அதைப் பார்க்கும்போது நம் நிலை மேல்தான். ஆனால் என் அண்ணன் மகளின் கையெழுத்தும் அந்தப் பக்கத்தில் இருக்கத்தான் இருக்கிறது. விரல் எங்கே காட்டியதோ அங்கே பேனா போயிற்று. அதில் அவளுடைய கேள்வி இல்லை. 2009-ல் வந்த தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி எல்லாத் திருமணங்களையும் அரசிடமும் பதிய வேண்டும். ஆனால் அந்த அலுவலகத்துக்குப் பெண் போவது நிக்காஹ் முடிந்த பிறகு, அதுவும் பல வீடுகளில் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் தேவைப்படும்போது. கேட்க வேண்டிய காலம் அதற்குள் கடந்துவிடுகிறது.

ஆகவே சென்னையின் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இமாம்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். நிக்காஹுக்குக் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன், மணமகளின் வீட்டிலேயே, அவள் நம்பும் ஒரு பெண்ணோ, மார்க்கம் கற்ற ஓர் ஆலிமாவோ உடனிருக்க, வலீயும் இரண்டு சாட்சிகளும் அவளிடம் நிதானமாகக் கேட்க வேண்டும். மாப்பிள்ளை யார், மஹர் எவ்வளவு, படிப்பு, வேலை, தனிக்குடித்தனம் போன்றவற்றில் அவள் வைக்க விரும்பும் நிபந்தனை என்ன என்பதையெல்லாம் அவள் வாயால் கேட்டு, தப்தரில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் அவள் கையாலேயே எழுதவைக்க வேண்டும். வலீ மறுத்தால் அவருடைய காரணத்தை எழுத்தில் வாங்கி, 30 நாட்களுக்குள் ஆலிம்கள் அதைப் பரிசீலித்து, நியாயமில்லை என்றால் காஜியிடம் அனுப்ப வேண்டும். இதற்கு அரசின் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 18 வயது நிரம்பாத பெண்ணின் வீட்டுக்கு இந்தக் கேள்வியோடு போகவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

நான் பொறுப்பிலிருந்து விலகுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள், பள்ளிவாசல் பொறுப்பாளரான எங்கள் முத்தவல்லியின் சம்மதத்தோடு, தப்தரில் ஒரு தாளை ஒட்டி இதைச் செய்து பார்த்தேன். முதலில் பெரும்பாலான பெண்கள் ‘சம்மதம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதினார்கள். ஒருத்தி, “மஹராக 3 சவரன் வேண்டும் என்று நானே கேட்டேன், சம்மதம்” என்று எழுதினாள். மற்றொருத்தி எழுதாமல், இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்றாள். அவளுடைய உம்மாவுக்கு என் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்று வாசல் வரை வந்து சத்தம் போட்டார். அவளுடைய வாப்பாதான், “அவள் யோசிக்கட்டும், நான் இருக்கிறேன்” என்று மனைவியை உள்ளே அழைத்துப் போனார். மூன்றாம் நாள் காலை அந்த வாப்பாவே மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வந்தார். அவள் தாளை வாங்கி, தேதியைப் போட்டு, கணவர் வீட்டில் இருந்தபடியே வேலைக்குப் போவதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டதையும் சேர்த்து நான்கு வரி எழுதினாள். அந்த நான்கு வரியின் கீழே அவளுடைய வாப்பா சாட்சியாகக் கையெழுத்திட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மண்ணடி, சென்னை - 600 001.